பெட்டியில் வைத்த நீலப் பூத்துணி

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"பெட்டியில இருக்கிற துணி தீர்ற வரைக்கும் கடைப்பக்கம் போகமாட்டேன்னு ரெண்டு பேரும் மாரியம்மன் முன்னால கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனோமே அக்கா! மடியில என்னா?" என்று இளையவள் சிரித்தாள்.

"புதுத்துணிதான் தங்கச்சி. ஆத்தா மன்னிக்கணும்."

"நான் கடை வாசல்ல கண்ண மூடிக்கிட்டுல்ல நடந்தேன்!"

மூத்தவள் சிரிக்கவில்லை.

"என் மக மொதச் சம்பளத்துல நீலப் பூத்துணி வாங்கி, 'எனக்கு ஒரு போர்வை தைச்சுத் தாம்மா'ன்னு குடுத்தா. நல்ல துணியாச்சே, வெட்ட மனசு வரல. அப்புறம் பாத்துக்கலாம்னு பெட்டியிலயே வச்சிட்டேன். வேற துணியா வாங்கி வாங்கி ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுத்தேன். வெள்ளிக்கிழம அவ குவைத்துக்குப் போறா. நேத்து எடுத்து விரிக்கிறேன், பூஞ்சணம் புடிச்சு மடிப்பு மடிப்பாக் கிழியுது."

"ஐயோ! அவ பாத்தாளா?"

"பாத்தா. 'விடும்மா, அங்க வெயில்தானே, போர்வை எதுக்கு'ன்னா."

பஸ் தெமோதரையில் நின்று புறப்பட்டது. மகள் சொன்னதைக் கேட்டு என் வாய் தானாக 'முருகா' என்றது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போர்வை முடியுமா அக்கா?"

"முடியாது. இந்தப் புதுத்துணியில தலகாணி உறையாச்சும் தைச்சுக் குடுக்கணும்."