வெட்டு உத்தரவு

புதிய கம்ப்யூட்டர் மொழிகள் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது, சார். எங்கள் சர்க்கரை ஆலைக்குக் கோபல் என்ற பழைய மொழியே போதும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதாக மலர்க்கொடி உங்களிடம் சொல்லியிருப்பாள். திருச்சியில் படித்துவிட்டு, போன வருஷம் எங்கள் பிரிவில் சேர்ந்த பெண். கெட்டிக்காரி. "எல்லாத்தையும் சி-ங்கிற புது மொழியில எழுதிடலாம் சார். பழசை ஒவ்வொரு வரியா நானே படிச்சு மாத்திடறேன்" என்றாள்.

நான் மானேஜரிடம் நியாயமாகத்தான் பேசினேன். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் கை வைத்து, அரவை பாதியில் நின்றால் யார் பதில் சொல்வது? எங்கள் ஆட்கள் கோபலில் ஊறியவர்கள். அவர்கள் புதிதாகக் கற்கும் வரை ஆலை காத்திருக்குமா? இதெல்லாம் உண்மை. எந்த ஆபீஸில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மானேஜரும் தலையாட்டிவிட்டார்.

ஆனால் நான் உண்மையில் பயந்தது, அவள் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன் என்றதற்குத்தான்.

எந்த வயலில் எப்போது கரும்பு வெட்டுவது என்று உத்தரவு போடுவது அந்தப் புரோகிராம். நட்ட தேதிப்படி வரிசை வரும். ஒரு வயலின் எண்ணை மட்டும் எப்போதும் கடைசிக்குத் தள்ளும்படி நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். குரும்பலூர்ப் பக்கம் காசிநாதனின் வயல். என் அப்பா தர்மன் அவரிடம் பண்ணையாள். அப்பாவைப் பாம்பு கடித்த அன்று அம்மா ஓடிப்போய் வண்டி கேட்டாள். "நெல்லு ஏத்தணும், அப்பறம் வா" என்றார். அப்பா நுரை தள்ளிச் செத்தார். அந்த ஆளைக் காக்கவைத்தே அழிக்க வேண்டும் என்று அன்றே எனக்கு வெறி பிடித்துவிட்டது.

முதல் பருவத்தில் அவர் கரும்பு காய்ந்தது. என் மனசு குளிர்ந்தது. மறு வருஷம் மனுஷன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். எடுத்தவன் செல்லமுத்து. எங்கள் தெருக்காரன், எனக்கு மச்சான் முறை.

அவன் மனைவி காத்தாயி ஆபீஸுக்கே வந்தாள்.

"கரும்பு பூத்துப் போச்சுண்ணே, சாறு வத்துது. ஊட்டுக்காரரு சோறு தண்ணி இல்லாம வயல்லயே நிக்கிறாரு. ஒரு உத்தரவு போட்டுக் குடுங்கண்ணே."

"அத கம்ப்யூட்டர்தாம்மா போடுது. என் கையில ஒண்ணும் இல்ல" என்றேன். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

கரும்பு சக்கையாய்ப் போனது. மாசி மாதம் செல்லமுத்து பூச்சி மருந்தைக் குடித்துவிட்டான். சாவுக்கு நானும் போயிருந்தேன். காத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

அந்த வரியை எடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. எடுத்தால் காசிநாதன் தப்பித்துவிடுவார் என்றுதான் விட்டுவைத்தேன். மலர்க்கொடியைத் தடுத்ததும் அதற்காகத்தான். எனக்குத் தெரியாமல் அவள் படித்துவிட்டாள். நீங்களும் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். ஆம், நான்தான் எழுதினேன்.

இந்த வருஷம் அந்த வயலில் காத்தாயியே கரும்பு போட்டிருக்கிறாள், பாவம். இருந்தாலும் அந்த வரியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று மலர்க்கொடியிடம் சொல்லுங்கள், சார். என்றைக்காவது காசிநாதன் தானே பயிர் வைக்காமலா போய்விடுவார்?