உபயம்: சதீசன் குடும்பம்

யன்னலைத் திறந்தே வையுங்கள், ஐயா. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எனக்கு ஒழுங்காகப் பேச வராது.

எங்கள் ஊர் கரம்பொனில் இப்போது வீடுகள் கூடி, ஆட்கள் குறைந்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் மாடி வீடு கட்டி, முற்றம் முழுக்கக் கல் பதித்து, மதில் எழுப்பிப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்க வழியில்லாமல் வீதியால் ஓடிக் கடலில் விழுகிறது. தீவில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் கொஞ்சம்தான். அது வற்றினால் கடல் உள்ளே வரும். கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகின. வெறுங்காணிகளை வாங்கி, யாரும் கட்டாமல் காப்பதற்கு வெளிநிலக் காப்புச் சபையைத் தொடங்கியவன் நான்தான். எங்கள் ஊரில் தலைவர் பதவிக்கு அடிபாடு நடக்கும். வேலை செய்கிற செயலாளர் பதவி சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

எந்தக் காணியை முதலில் வாங்குவது என்பதற்கு ஒரு விதி வைத்தேன். எங்கே தண்ணீர் நல்லதோ அங்கே முதலில். கிணறு கிணறாகப் போய்க் குடித்துப் பார்த்தேன். சறோஜினிதேவியின் கிணற்றுக்கு இணையே இல்லை. அவர் கணவனை இழந்தவர். மகள் சிவரூபிக்கு யாழ்ப்பாணத்தில் வேலை. பெரிய காணியின் நடுவே, நீலத் தகரக் கூரை போட்ட சின்ன வீட்டில் தனியாக இருந்தார்.

காசு தருபவர் சூரிச்சில் இருக்கும் சதீசன். காணியை மேலேயிருந்து எடுத்த வீடியோவை அவருக்கு அனுப்பினேன்.

"அண்ணை, நடுவிலை அந்த நீலத் தகரம் கண்ணைக் குத்துது," என்றார். "ஆள் இருக்கிற காணியை வெளிநிலம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? எங்களைப்போலை சபை வைச்சிருக்கிற காரைநகர் ஆக்களும் கேக்கினம். அவையின்ரை காணியிலை ஒரு கோழிகூட இல்லையாம்."

காரைநகரிடம் தோற்பதா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே சறோஜினிதேவியிடம் போனேன்.

"விக்க மாட்டன் அண்ணை. இடம்பெயர்ந்து திரிஞ்சது காணும். இனிச் சாகிறதெண்டாலும் இந்த வளவுக்கைதான். நான் மதில் கட்டேல்லை, கல்லுப் பதிக்கேல்லை. நான் இருந்தால் மழை பெய்யாதோ?"

"மழை பெய்யும். ஆனால் நீர் படத்திலை தெரியுறீர்," என்றேன்.

அவர் சிரித்துத் தேத்தண்ணி தந்தார். அருமையான தண்ணீர், ஐயா.

மனிதரை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது. கிணறு உவரானால் தீவார் தாமாகவே எழும்பிப் போவார்கள். பரம்பரை பரம்பரையாக அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆகவே கிணறு உவராக வேண்டும் என்று முடிவு செய்தேன். தென்னைக்கு உப்பு வைப்பது இங்கே எல்லாரும் செய்வது. கடையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு மூட்டையாகக் கிணற்றுக்குள் சத்தமில்லாமல் இறக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் அவருடைய நாக்கும் பழகிவிட்டது.

"கடல் வந்திட்டுது அண்ணை. நான்தான் மோட்டர் போட்டுக் கூட இறைச்சிட்டன் போலை," என்றார்.

ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் மோட்டரைத் தொடவில்லை, வாளியால் அள்ளினார். போகத்தான் இல்லை. பவுசர் வண்டியில் அவருக்குக் குடிதண்ணீர் கொண்டு வந்தார்கள். பாரமான வாகனம் போனால் மண் இறுகிவிடும், மழை இறங்காது என்று சொல்லி, அவர் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையைச் சபை மூலம் மறித்தேன். அது உண்மையும்கூட. பிறகு அவருக்குக் குடிக்கவும் அந்தக் கிணறுதான்.

சோளகக் காற்று எழும்பிய மாதத்தில் அவருக்குக் கால் வீங்கியது. பிறசர் கூடிவிட்டது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்குத்தர் சொன்னாராம்.

"கறிக்கு உப்புப் போடுறதையே விட்டிட்டன் அண்ணை. பிறகும் இறங்குதில்லை," என்றார் என்னிடம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இளநீர் இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வழமைபோல ஒரு மூட்டை.

அவருடைய செத்தவீட்டுக்குக் கதிரையும் பந்தலும் சபையின் செலவு. பாடையில் ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன். சிவரூபி என் கையைப் பிடித்து அழுதாள். காணியையும் எங்களுக்கே எழுதித் தந்தாள். கூரையைக் கழற்றிப் புது வீடியோ எடுத்து அனுப்பினேன். சூரிச்சிலிருந்து வரிசையாகச் சிவப்பு இதயங்கள் வந்தன.

காணியின் திறப்புவிழாவுக்கு முதல் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தபோதுதான் வெறும் மூட்டைகள் மேலே வந்தன. ஒவ்வொன்றிலும் "உபயம்: சதீசன் குடும்பம், சூரிச்" என்று நீல மையில் இருந்தது. சிவரூபியும் அங்கே நின்றாள். ஏன் அப்படி எழுதினாய் என்று நீங்கள் மூன்றுதரம் கேட்டுவிட்டீர்கள். எங்கள் தீவில் பஸ் தரிப்பிடம், தண்ணீர்த் தாங்கி, கோயில் குத்துவிளக்கு எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். சூரிச் காசில் வாங்கியதைப் பெயரில்லாமல் இறக்கினால் அது களவு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்புக்கே ஒருவர் உபயம் என்றால் பெயர் போடாமல் விடலாமா? இறக்குவதற்கு முதல் நானே இருந்து அச்சுக் குத்தினேன். உபயகாரர் பெயர் இல்லாமல் ஒரு சதமும் நான் செலவழித்ததில்லை.

உப்பைப் போட்டது நான். டாக்குத்தர் சொன்னது தெரிந்த பிறகும் போட்டேன். நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள். அந்தச் சொல்லுக்காக நான் வழக்காட மாட்டேன்.

ஒரு வேலைதான் பாதியில் நிற்கிறது. கிணறு கெட்டுப் போனதால் விதிப்படி அந்தக் காணிக்கு இனி முதலிடம் இல்லை. யாருக்காகவும் விதியை வளைக்கிற ஆள் நான் இல்லை. இப்போது ஊரில் நல்ல தண்ணீர் பரமலிங்கத்தாரின் கிணற்றில்தான். போன கிழமை குடித்துப் பார்த்தேன், தேன். அந்த வீட்டில் பேரப்பிள்ளைகளோடு ஏழு பேர் இருக்கிறார்கள். நான் வெளியே வருவதற்குள் யாராவது அவர்களோடு தன்மையாகப் பேசிப் பார்த்தால் நல்லது, ஐயா.