பேச்சு அல்ல

பகலில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ராத்திரி வேலைக்குப் பழகிய உடம்பு. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன், சார்.

திருப்பதியில் ஒரு ஆம்புலன்ஸ் கம்பெனியில் வேலை. போன் வந்தால் முதலில் மிஷின்தான் கேட்டு எழுதும். ஒரே சொல்லை ஊருக்கு ஒரு மாதிரி சொல்வார்களே, அத்தனையையும் அதற்குப் பழக்குவது என் பொறுப்பு. சித்தூர்த் தமிழுக்குக் குரல் வேண்டியிருந்தது. எங்கள் சபையாரைக் கேட்டேன். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து மைக்கில் பேசினார்கள்.

ஏசுரத்தினம் ஐயா வந்தார். ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிறவர். அவர் மகள் பிளெஸ்ஸியை நான் பெண் கேட்டிருந்தேன். அதற்கான பதிலை மைக்கிலேயே சொன்னார்.

“ஏன்டா பிலிப்பு, காலேஜ பாதில வுட்ட. ராவெல்லாம் டூட்டி பாத்துக்கினு பகலெல்லாம் தூங்கறவனுக்குப் பொண்டாட்டி எதுக்குடா? தலகாணி போதாதா?”

சபையே சிரித்தது. அவர் மனைவி தபீதாள் மட்டும் சிரிக்கவில்லை. “சும்மா இருய்யா, பையன் மூஞ்சி செத்துப்போச்சு பாரு” என்றார்.

அன்று பதிவான குரல்கள் முழுவதையும் இரைச்சல் என்று குறித்து ஒதுக்கினேன். மேலாளர் கிரண்குமாருக்குத் தமிழ் தெரியாது. கேட்டுப் பார்க்கவில்லை. சிரித்த வாய்கள் எதையும் மிஷின் கற்றுக்கொள்ளவில்லை.

மிஷின் திணறினால் அழைப்பு என் காதுக்கு வரும். நான் கேட்டு வண்டி அனுப்ப வேண்டும். வெறும் சத்தம் என்றால் ‘பேச்சு அல்ல’ என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இணைப்பு போய்விடும்.

ஒரு ராத்திரி ஏசுரத்தினம் ஐயாவின் குரல் வந்தது. “தபீதா மூச்சு வுட முடியாம தவிச்சிக்கினு கீறா. வண்டி அனுப்புப்பா.” மிஷின் திரும்பச் சொல்லச் சொன்னது. திரும்பச் சொன்னார். அதே பதில். நான் கையிலிருந்த டீயைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த முறை நிதானித்தார். வேதம் வாசிக்கும் குரலில், ஒவ்வொரு சொல்லாக: “என் மனைவி மூச்சுத் திணறுகிறாள். வண்டி அனுப்புங்கள்.” பிழையில்லாமல் திரையில் விழுந்தது. மிஷின் முகவரி கேட்டது. அவர் சொல்லத் தொடங்கினார்.

பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழைத்தார். மறுபடி அழுத்தினேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஏசுரத்தினம் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான்தான்டா சரியா பேசல, பிலிப்பு.”

ஆமாம் என்றேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், சார். மிஷினுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.