காது ஏணியில் தொங்கிய மஞ்சள் அட்டை

அலை கொஞ்சும் துறைமுகத்தின் அருகே, அறிவு கொஞ்சும் இந்த அரங்கிலே, தலைமை தாங்கி வீற்றிருக்கும் எங்கள் அறிவியல் அருங்காட்சியகத்தின் இயக்குநர், மதிப்பிற்குரிய அம்மையார் ஆந்தியா ஸ்டாவ்ரூ அவர்களே. இந்த மண்ணையும் இந்த ஆற்றையும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கண்போல் காத்துவந்த அவபகல், வொரிமி பழங்குடி மக்களின் மூத்தோர்களே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைந்து, ஒருவழியாக யார் தலையிலோ கட்டிவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே. பணிமனையிலிருந்து சீருடையோடு வந்து கடைசி வரிசையைக் கைப்பற்றிக்கொண்ட பேருந்து ஓட்டுநர் தோழர்களே. ஒரு கையில் பியரும் மறு கையில் வெங்காயம் வைத்த சாசேஜுமாக, கைதட்ட மூன்றாவது கை இல்லாமல் தவிக்கும் நியூகாசில் நகரத்துப் பெருமக்களே. மூன்றாம் வரிசையில் நீலச் சட்டை அணிந்து, நான் எதையாவது உளறிவிடுவேனோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் என் மனைவி கிளெனிஸே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ராஸ் பெட்டிக்ரூ. நான் விஞ்ஞானி அல்ல. இந்தக் கட்டடத்தின் ஃபிட்டர். இங்கே சுழல்வது நின்றால் சுழற்றிவிடுவேன். எரிவது அணைந்தால் எரியவிடுவேன். உங்கள் பிள்ளைகள் பிடுங்கி எறிந்த பொத்தான்களைப் பொறுக்கிப் பொருத்துவேன். இப்படிப்பட்டவனை, பெரியவர் மாலையின் ஐந்தாம் ஆண்டு விழாவில் பேச அழைத்திருக்கிறார்கள். ஏன் அழைத்தார்கள்? இந்த மாலையை முதன்முதலில் எதிர்த்தவன் நான். எதிர்த்தவன் வாயாலேயே நன்றி சொல்ல வைத்து வேடிக்கை பார்க்க வேண்டும் என்று அம்மையாருக்கு ஆசை. பாருங்கள், சிரிக்கிறார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஊழியர் கூட்டத்தில் அவர் சொன்னார்: "மாசத்துல ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குழந்தைங்க கிடையாது. பார் திறப்போம். பெரியவங்க மட்டும் வரட்டும்."

நான் எழுந்தேன். "பெரியவங்க எதுக்குங்க வரணும்? அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அதுதான் ராஸ் பிரச்சினையே," என்றார்.

நான் விட்டேனா? நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பியரைக் கொட்டுவார்கள், பொறியைக் கெடுப்பார்கள், செயற்கை மின்னல் பாயும் கூண்டுக்குள் புகுந்து முத்தமிடுவார்கள் என்று எழுதினேன். மூன்றும் நடந்தன. மூன்றும் முதல் மாலையிலேயே நடந்தன. ஆனாலும் நான் எழுதியது தவறு. ஏன் தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பகல் வேளையில் ஒரு பெரியவர் இந்த வாசலுக்குள் எப்படி நுழைகிறார்? தோளில் பை, கையில் தொப்பி, கக்கத்தில் தண்ணீர்ப் புட்டி. பலகையில் இருப்பதை யாருக்காகப் படிக்கிறார்? பிள்ளைக்காக. வரிசையில் யாருக்காக நிற்கிறார்? பிள்ளைக்காக. வரிசை முடிந்து பொறி கைக்கெட்டும்போது என்ன செய்கிறார்? விலகி நிற்கிறார். பார்த்திருக்கிறேன் பெருமக்களே, பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பொத்தானை அழுத்த வேண்டும் என்று விரல் துடிக்கும். முறை தனக்கில்லை என்று மனம் தடுக்கும். பெரியவர்களுக்கு முறை தர இந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர் இதோ தலைமை தாங்குகிறார்.

இனி என் கதை. கிளெனிஸ், அனுமதி கேட்டுவிட்டேன், நீ தலையாட்டிவிட்டாய். இப்போது முறைக்கக் கூடாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பேச்சுதான் இல்லை. அவள் வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறாள் என்று நான் நினைத்தேன். "முணுமுணுக்காதே," என்பேன். அவள் குரலை உயர்த்துவாள். "ஏன் கத்துற?" என்பேன். பிறகு அவள் எப்படித்தான் பேசுவாள்?

ஒரு வியாழக்கிழமை காலை, சமையலறை மேசையில் ஒரு ரயில் டிக்கெட்டை வைத்தாள். டாம்வொர்த்தில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்கு, வரும் சனிக்கிழமை வண்டி. போவதற்கு மட்டும். வருவதற்கு இல்லை.

"ராஸ், உங்கிட்ட பேசுறதும் ஃப்ரிட்ஜுகிட்ட பேசுறதும் ஒண்ணுதான். ஃப்ரிட்ஜாவது அப்பப்ப உறுமும்."

இதை என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். அதனால் கேட்டது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். முப்பத்தோரு ஆண்டு வாழ்க்கை மேசைமேல் கிடந்தது. நான் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் தலைவலி காது ஏணி. உங்களுக்குத் தெரியும், இடது சுவரோரம் இருபது விளக்கு ஏணிப்படி போல எரியுமே, அதுதான். பொத்தானை அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினால் ஒலி கீச்சுக்குரலாக மேலே மேலே போகும். படிக்கொரு விளக்கு எரியும். அந்தப் பொறி மூன்று மாதமாக என் உயிரை எடுத்தது. காலையில் கதவு திறக்குமுன் தனியாக நின்று சோதிப்பேன். ஆறாம் படி வரை பாடும். ஏழாம் படியில் ஊமை. ஸ்பீக்கரை மாற்றினேன். கம்பியை மாற்றினேன். மாற்றிய ஸ்பீக்கரை மறுபடி மாற்றினேன். விளக்கு எரிகிறது, ஒலி வரவில்லை. சரி, மெல்போர்னிலிருந்து வேறொன்று வரட்டும் என்று, "பழுது, தொடாதீர்" என்ற மஞ்சள் அட்டையில் என் பெயரை எழுதி மாட்டிவிட்டேன்.

அந்த அட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மாட்டியவன் யாரோ, அவன்தான் கழற்ற வேண்டும். முதலாளி வந்தாலும் கழற்றக் கூடாது, மந்திரி வந்தாலும் கழற்றக் கூடாது. கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இரும்பைத் தேய்த்துத் தேய்த்து நான் கற்றது இந்தச் சட்டம். காதுக்கு உறை போடாமலே தேய்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போட்டவனை அந்தக் காலத்தில் கேலி செய்வோம்.

அதே வியாழக்கிழமை மாலை ஏழு மணி. பெரியவர் மாலை. கூட்டம் நெருக்கியடிக்கிறது. சோப்புக் குமிழி ஊதும் மேசை அருகே சிந்திய ஒயினைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு பெண் குரல், அரங்கமே அதிர.

"யாருங்க இங்க ஆர். பெட்டிக்ரூ?"

திரும்பினேன். பேருந்துச் சீருடையில் ஓர் அம்மையார், லோசலின் வேயா அவர்கள். டோங்காவில் பிறந்து, மேஃபீல்டுக்குப் பேருந்து ஓட்டுபவர். அதோ கடைசி வரிசையில் கையசைக்கிறாரே, அவரேதான். அன்று அவர் கையில் இரண்டாவது குவளை சைடர்.

"நான்தாங்க."

"வாங்க அங்கிள். அட்டையை எடுங்க. மாட்டினவர்தான் எடுக்கணும், எங்க டிப்போவுலயும் அதே சட்டம்தான். மெஷின் பாடுது."

"பாடாதும்மா. ஆறாம் படியோட சரி. தொடாதேன்னு எழுதியிருக்கே, ஏன் தொட்டீங்க?"

"ரெண்டாவது கிளாஸுக்கு அப்புறம் எனக்கு எழுத்து படிக்க வராது அங்கிள்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்தப் பெண்ணுக்குப் பாடம் புகட்டுவோம் என்று நினைத்துச் சொன்னேன்: "சரி, எல்லாரும் வரிசையா நில்லுங்க. ஒலி கேக்குற வரைக்கும் கையைத் தூக்கிவையுங்க. நின்னதும் இறக்குங்க. எல்லா கையும் ஏழுல இறங்கும், பாருங்க."

எட்டுப் பேர் நின்றோம். அவரோடு வந்த ஏழு ஓட்டுநர்கள், ஒரு ஃபிட்டர். எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற ஓட்டுநர், எழுபத்து நான்கு வயது. அவர்களுக்கு ஒரு கையில் குவளை, மறு கை மேலே. எனக்கு ஒரு கையில் துடைக்கும் துணி. லோசலின் கைப்பிடியைத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாம் விளக்கு எரிந்தது. ஏழாம் விளக்கு எரிந்தது. என் கை இறங்கியது.

வேறு யாருடைய கையும் இறங்கவில்லை.

எட்டு எரிந்தது. ஒன்பது எரிந்தது. கைகள் நிற்கின்றன. பத்தைத் தாண்டித்தான் அந்த எழுபத்து நான்கு வயதுக் கை இறங்கியது.

"கேலி பண்றீங்களா எல்லாரும் சேர்ந்து?" என்றேன்.

லோசலின் கேலி செய்யவில்லை. "எல்லாரும் கண்ணை மூடுங்க," என்றார். "அங்கிள், நீங்க மட்டும் திறந்து வையுங்க." கைப்பிடியை எட்டாம் படியில் நிறுத்தினார். பொத்தானை அழுத்தினார். கண்மூடி நின்ற ஏழு பேரின் கைகளும் ஒன்றாக எழுந்தன. விரலை எடுத்தார். ஏழு கைகளும் ஒன்றாக இறங்கின. அழுத்தினார், எழுந்தன. எடுத்தார், இறங்கின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் எதுவுமே கேட்கவில்லை.

பெருமக்களே, அறிவியல் அறிவியல் என்கிறோமே, அது எங்கே இருக்கிறது? புத்தகத்திலா? பட்டத்திலா? பலகையிலா? எனக்கு அது பியர்க் குவளை பிடித்த ஏழு பேரின் தூக்கிய கையில் இருந்தது. மூன்று மாதம் பொறியைப் பிரித்தேன். என்னைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கப்பல் சங்கு கேட்கிறது, பக்கத்து வீட்டு நாய் கேட்கிறது, அப்புறம் காதுக்கு என்ன கேடு என்றிருந்தேன். கனத்த ஒலியெல்லாம் என்னிடம் இருந்தது. மெல்லிய ஒலியெல்லாம் போயிருந்தது. அவள் குரல் போயிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. லோசலின் என் தோளைத் தொட்டு, மெதுவாக, ஆனால் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "வீட்டுல யாரு அங்கிள் கஷ்டப்படுறது?"

நான் அட்டையைக் கழற்றினேன். அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஆந்தியா அம்மையார் தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வந்து, "துணியை இங்க கொடு ராஸ். நான் துடைக்கிறேன். நீ வீட்டுக்குப் போ," என்றார். நான்கு பக்க எதிர்ப்புக் கடிதத்தை அவர் நினைவூட்டியிருக்கலாம். நினைவூட்டவில்லை. அம்மா, அதற்கே உங்களுக்கு ஒரு தனி நன்றி.

வீட்டு வாசலில் நின்று அட்டையை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கிளெனிஸ் சமையலறையில் பெட்டிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து படித்தாள். பழுது. தொடாதீர். ராஸ் பெட்டிக்ரூ.

"என்ன கூத்து இது?"

"அந்த மெஷின் நல்லாத்தான் இருக்கு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். அப்படிப் பார்த்ததால் ஒவ்வொரு சொல்லும் கிடைத்தது. அப்படிப் பார்த்து எத்தனை வருடமாகியிருந்தது என்பதை இந்த மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"இத்தனை வருஷமா நான் முணுமுணுக்கிறேன்னு சொன்ன."

"ஆமா."

"கத்துறேன்னும் சொன்ன."

"ஆமா."

"நான் உம்மேல அன்பு குறைஞ்சவள்னு நினைச்சியா? நீ எம்மேல குறைஞ்சவன்னு நான் நினைச்சேன் ராஸ்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டிக்கெட் வாங்கியாச்சு. நான் போறேன். எனக்கும் கொஞ்சம் மூச்சு விடணும். நீ போய்க் காதைக் காட்டு. அப்புறம் பார்க்கலாம்."

போய்விட்டாள். உடனே மனம் மாறி நின்றுவிட்டாள் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் போனாள், அதுதான் நியாயம். அந்த ஐந்து வாரம் நான் ஊசி போட்ட பிள்ளை போலச் சுருண்டு கிடந்தேன். காது மருத்துவமனைக்கு என்னைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்கியவர் லோசலின். இரு காதிலும் மெஷின் வைத்த அன்று, வெளியே வந்ததும் நடைபாதையில் என் காலடியே எனக்குக் கேட்டது. பிறகு அவளுக்கு எழுதினேன். போனில் பேசும் துணிவு அப்போது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருவதாகப் பதில் வந்தது. நிலையத்துக்குப் போனேன், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே போனேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும். வண்டி நின்றது. கூட்டம் இறங்கியது. பெட்டிகள் உருளும் சத்தம், குழந்தைகள் கூச்சல், ஒலிபெருக்கி அறிவிப்பு, எல்லாம் காதுக்குள் கொட்டுகிறது. முன்பக்கம் முழுக்கத் தேடுகிறேன், அவளைக் காணோம். வரவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், கத்தாமல், குரலை உயர்த்தாமல், தன் சாதாரணக் குரலில் அவள் சொன்னாள்: "அதை இன்னுமா கழுத்துல போட்டுட்டுத் திரியுற?"

நான் திரும்பினேன்.

நான் திரும்பினேன் பெருமக்களே. அவ்வளவுதான் நான் செய்தது. அவள் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அழுதாள். பிறகு என் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். "மாட்டினவன்தான் கழற்றணும்," என்றேன். "வாயை மூடு ராஸ்," என்றாள். அதுவும் தெளிவாகக் கேட்டது.

ஆகவே யாருக்கு நன்றி சொல்வேன்? பெரியவர்களுக்கும் ஒரு முறை கொடுத்த தலைவருக்கு நன்றி. தொடாதே என்பதைத் தொட்ட லோசலினுக்கு நன்றி. அவருடைய இரண்டாவது சைடருக்கும் நன்றி. கண்ணை மூடிக் கையைத் தூக்கிய ஏழு ஓட்டுநர்களுக்கும் நன்றி. தெரியாது என்று சொல்ல வெட்கப்படும் வயதில், தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரு மாலையைத் திறந்துவைத்த இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவுக்கும் நன்றி. நாளைக்கே என் கண் பழுதாகலாம், என் கணக்கு பழுதாகலாம், என் கொள்கையே பழுதாகலாம். வாருங்கள். வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வரும்போது விலகாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் கையையும் கொஞ்சம் பாருங்கள்.

இன்னும் சொல்ல ஏராளம் உண்டு. நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் ஏதோ சொல்கிறார். மைக் இல்லை. கை அசைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கே கேட்டிருக்காது.

"போதும் ராஸ். எல்லாருக்கும் தாகம்."

கேட்டுவிட்டது கிளெனிஸ். முடித்துவிட்டேன். வணக்கம்.