பறக்காத பிளேனுக்கு சீட் கவர்

யூஜினா: லீவுன்னா எத்தன நாளைக்குங்க? முந்தாநாளும் "இந்தா கெளம்பிருவேன்"னீங்க.

சுஜீவன்: வீட்டுக்கு வந்த புருசன இப்பிடித் தொரத்துறியே...

யூஜினா: தொரத்தலங்க. நம்ம டிக்கோயா மழையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே! கட்டுநாயக்க பாக்டரியில ஒங்க தையல் மிசின யாரு ஓட்டுறது?

சுஜீவன்: இப்ப ஆர்டர் கொஞ்சம்...

யூஜினா: கொஞ்சமா? புது பிளேன் வருது, அம்புட்டு சீட்டுக்கும் நாங்கதான் கவர் தைக்கப்போறோம்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?

சுஜீவன்: வருதுன்னுதான் சொன்னாங்க.

யூஜினா: இப்ப என்ன சொல்றாங்க?

சுஜீவன்: பிளேன் செய்யிறது லேசுப்பட்ட வேலையா? வரஞ்சு, செஞ்சு, பறக்கவிட்டுப் பாத்து... பத்து வருசமாகும். அதுவரைக்கும் செலவுதான். வியாபாரம்னு ஒரு சதம் வராது.

யூஜினா: ஹட்டன் டெய்லர்கூட துணிய வெட்ட முன்னாடி அட்வான்ஸ் வாங்குறாரு!

சுஜீவன்: பிளேன் கம்பெனிக்காரங்களும் வாங்குனாங்க. இன்ஜின் செய்யிறது வேற கம்பெனி. அது சொன்னதவிட எண்ணெய் கூடக் குடிக்குதாம். லேட்டாகுது... வாங்குறேன்னவங்க அட்வான்ஸ திருப்பிக் கேக்குறாங்க.

யூஜினா: பழைய பிளேனையே கொஞ்சம் திருத்தி வித்தா என்னவாம்?

சுஜீவன்: அதுக்குள்ள அடுத்த கம்பெனிக்காரன் புதுசு எறக்கிருவான். செஞ்சாலும் பயம், செய்யாட்டியும் பயம்.

யூஜினா: அவங்க பயம் எனக்கெதுக்குங்க? ஒங்க கதையச் சொல்லுங்க!

சுஜீவன்: அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்... பேங்க்காரங்க கைய விரிச்சிட்டாங்க. பிளேன் கம்பெனியும் அந்தப் பிளேனே வேணாம்னு நிப்பாட்டிட்டாங்க.

யூஜினா: நிப்பாட்டிட்டா?

சுஜீவன்: எங்க மொதலாளி அந்த ஒத்தப் பிளேன நம்பி மத்த ஆர்டரையெல்லாம் விட்டவரு. அதனால எங்க செக்சன...

யூஜினா: இழுக்காம சொல்லுங்க!

சுஜீவன்: மூடிட்டாங்க. லீவெல்லாம் இல்ல. வேல போயிருச்சு யூஜி.

யூஜினா: ஐயோ! போயிருச்சா?

சுஜீவன்: திட்டு. இவ்வளவு நேரம் திட்டுனவதானே, இப்பயும் திட்டு.

யூஜினா: எந்த வாயால திட்டுறதுங்க...

சுஜீவன்: அழாத. ஒனக்கு பாலர் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கில்ல? வேற வேல கெடைக்கிற வரைக்கும் சமாளிச்சிரலாம்.

யூஜினா: அந்த வேலைய நேத்தே விட்டுட்டேங்க. நீங்க கெளம்பையில நானும் பேக்கோட வந்து நின்னு, "இனிமே ஒங்ககூடதான் கட்டுநாயக்கவுல இருக்கப்போறேன்"னு சொல்லணும்னுதான்... எப்ப போறீங்க, எப்ப போறீங்கன்னு உயிர எடுத்தேன்!