வருணிகாவின் அம்மா

எங்க சைலஜாவுக்குச் சின்ன வயசிலிருந்தே செருப்புன்னா ஆகாது மேடம். வருசத்துக்கு ரெண்டு ஜோடி வாங்குவேன். ஒண்ணை பஸ்ல விட்டுட்டு வருவா, இன்னொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வருவா. இப்படித் தொலைக்கிறாளேன்னு திட்டுவேன். அவ தொலைக்கல, வேணும்னே விட்டுட்டு வந்திருக்கா. அது தெரியவே எனக்குப் பல வருசம் ஆச்சு.

என் பேரு சுமலதா. வீடு உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துல. வீட்டுக்காரர் பேரு திம்மராயன், சிப்காட்ல ஒரு பிரஸ் ஷாப்புல தகடு அடிக்கிற வேலை. ஒரே பொண்ணு, பதினேழு வயசு. அவ போய் இன்னியோட பன்னண்டு நாள். நேத்துதான் காரியம் முடிஞ்சுது. நீங்க என்னைக் கூப்பிடல, நானாத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்க மேஜை மேல வச்சிருக்கேனே அந்த நீல அட்டை நோட்டு, அது அவளோடது. அதுல ஒரு தப்பு இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

போன்ல கதைங்க வருது மேடம், நீங்க பாத்திருப்பீங்க. ஸ்கூல் படிக்கிற பொண்ணுக்குத் திடீர்னு ஒரு சக்தி இருக்கறது தெரிய வரும். ஒருத்தி அடுத்தவங்க மனசுல நெனைக்கிறதைக் கேப்பா, ஒருத்தி நெருப்பைக் கையில புடிப்பா. சைலு சோறு திங்கறப்பவும் அதைத்தான் படிப்பா. அதுல அப்படி இன்னாடி இருக்குன்னு ஒரு நாள் கேட்டேன்.

"எல்லாம் ஒரே மாதிரிதாம்மா. பொண்ணுக்கு சக்தி இருக்கும், அவளுக்கே தெரியாது. அவ அம்மா ஒண்ணு செத்துப் போயிருப்பா, இல்ல ரகசியத்தை மறைச்சு வச்சிருப்பா. நீ ரெண்டுலயும் சேரமாட்ட. உன்னை வச்சுக் கதை எழுதறது ரொம்பக் கஷ்டம்"னு சொல்லிச் சிரிச்சா.

சொல்லிட்டு அவளே இந்த நோட்டுல எழுத ஆரம்பிச்சா. கதையில பொண்ணு பேரு வருணிகா. பூமிக்கு அடியில ஓடற தண்ணி அவ காலுக்குக் கேக்கும். அது கற்பனைன்னு நீங்க நெனைப்பீங்க. பேரு மட்டுந்தான் கற்பனை.

அவ வயசுக்கு வந்தப்ப எங்க வழக்கப்படி வாசலுக்கு அந்தாண்ட பச்சை ஓலை கட்டி உக்கார வச்சோம். மூணாம் நாள் மத்தியானம் தட்டு வைக்கப் போறேன், ரெண்டு பாதத்தையும் மண்ணுல பதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. "கீழ தண்ணி ஓடுதும்மா, சத்தம் கேக்குது"ன்னா. காதுலயான்னு கேட்டேன். "இல்ல, கால்ல"ன்னா. நான் காதுல போட்டுக்கல. எங்க நிலத்துல மூணு போர் போட்டு மூணுலயும் புழுதிதான் வந்துச்சு. இதுல தண்ணி ஓடுதாம்னு நெனைச்சுக்கிட்டுப் போயிட்டேன்.

ஒண்ணு சொல்லணும். நான் கல்யாணமாகி வந்த வருசமே வீட்டுக்காரர் வீட்டுக் கெணறு வத்திப்போச்சு. மருமக கால் வச்ச ராசின்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. மூஞ்சிக்கு நேரா யாரும் சொன்னதில்ல. நான் குடத்தோட போனா பேச்சு நின்னுடும். விசேஷ வீட்டுல ஆரத்தித் தட்டு என்னைத் தாண்டித்தான் போகும். பதினெட்டு வருசம் மேடம். எனக்கு வலிச்சுது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, கண்டுக்காதேன்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிடுவாரு.

ரெண்டு வருசம் முன்னால நாலாவது போர் போட்டோம். போர் வண்டி ஏஜென்ட் வெங்கடப்பன் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து, தேங்காயை உள்ளங்கையில வச்சு நடக்கவிட்டு இடம் குறிச்சான். சைலு ஸ்கூல் விட்டு வந்தவ பையைக்கூட இறக்கல. "அங்க ஒண்ணுமில்லண்ணா, இந்தப் புளியமரத்துக்குக் கிட்ட போடுங்க"ன்னா. வண்டிக்காரப் பசங்க சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் மூணு தடவை ஏமாந்த மனுசன், எங்க போட்டாலும் புழுதிதான வருது, பொண்ணு சொல்ற இடத்துலயே போடுன்னுட்டாரு. அறுநூத்திப் பத்து அடியில தண்ணி வந்துச்சு. பனைமரம் உயரத்துக்குப் பீச்சி அடிச்சுது. எல்லாரும் நனைஞ்சோம்.

அதுக்கப்புறம் எங்க வீட்டைத் தேடி ஜனம் வந்துச்சு. ராயக்கோட்டையிலிருந்து தக்காளிக்காரங்க, சூளகிரிக்காரங்க, பார்டர் தாண்டிக் கர்நாடகாவுலயிருந்துகூட வந்தாங்க. தட்டுல பூ பழம் வச்சு என் கையிலதான் குடுப்பாங்க. தாயின்னு கூப்பிடுவாங்க. காசுக்குச் செஞ்சதுன்னு எழுதிடாதீங்க மேடம். என் முகத்தைப் பாத்து ஜனம் கும்பிட்டது. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

சுத்தமா இருக்கற நாள்லதான் பொண்ணு நிலத்துல கால் வைப்பான்னு ஒரு சட்டம் வச்சேன். எவனும் கேக்கல. நானா வச்சது. எலுமிச்சம்பழம், மஞ்சள், சூடம்னு ஒரு பூஜையும் சேத்தேன். அப்படி இருந்தாத்தான் ஒரு மரியாதை. இல்லன்னா ஏதோ ஒரு ஸ்கூல் பொண்ணு வெயில்ல நடக்குதுன்னு போயிடும்.

சட்டம்னு வச்சுட்டா மாத்த முடியாது பாருங்க. போர் வண்டி தேதி நம்ம கையில இல்ல. வெங்கடப்பன் இன்ன நாள்னு சொன்னா அன்னிக்குத்தான் வரும், விட்டா அடுத்து எப்பன்னு தெரியாது. மாசத்துல அஞ்சு நாள் சைலு உக்காந்துட்டா வேலை கெட்டுப்போகும். அதனால தள்ளிப்போடற மாத்திரை குடுத்தேன். மாரியம்மன் பண்டிகைக்கும் வீடு பால் காய்ச்சறதுக்கும் எல்லாப் பொம்பளைங்களும் போடறதுதான், நானே போட்டிருக்கேன். மெடிக்கல்ல கோயிலுக்குப் போறோம்னு சொன்னா சீட்டு கேக்காம எடுத்துக் குடுப்பாங்க. நாங்க அதை நாலு நாளைக்குப் போடுவோம். சைலுக்கு இந்த வருசம் தை மாசம் ஆரம்பிச்சேன், சித்திரை முடியறவரைக்கும் நிறுத்தல. வெயில் காலந்தான் தண்ணிக்கு அலைவாங்க.

அவ சண்டை போடல. ஒரே ஒரு தடவை சொன்னா. "அந்த நாள்லதாம்மா நல்லாக் கேக்கும். இதைப் போட்டா பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு."

"தீட்டோட இருக்கறப்ப சாமி எப்படி வரும்?"

"சாமின்னு நான் எப்ப சொன்னேன்? தண்ணின்னுதான சொன்னேன்."

வாய்த்துடுக்கு அவளுக்கு. மாத்திரையைப் போடறப்ப நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பாத்துக்குவேன். பிளஸ் டூ பரிட்சையும் அதோடதான் எழுதினா. ஓசூர்ல காலேஜ் சேரணும், தமிழ் படிக்கணும்னு அப்ளிகேஷன் பாத்துக்கிட்டிருந்தா. படிக்க வைக்கத்தான் நெனைச்சேன். மழை வந்துட்டா யாரும் தேடி வரமாட்டாங்க, அப்ப போகட்டும்னு இருந்தேன்.

பங்குனியில அவ சொன்ன ரெண்டு இடம் பொய்த்துப் போச்சு. ஒருத்தன் எங்க வாசல்லயே நின்னு, தாயும் மகளும் சேந்து நாடகம் ஆடறாங்கன்னு கத்திட்டுப் போனான். பழைய மாதிரி நான் போனா பேச்சு நிக்க ஆரம்பிச்சுது. எங்கயோ சுத்தம் குறையுதுன்னு நெனைச்சு மாத்திரையை ஒண்ணுக்கு ரெண்டாக்கினேன்.

போன வாரம் இல்ல, அதுக்கு முந்தின வாரம், சைலு வாசப்படியில உக்காந்து இடது காலையே பாத்துக்கிட்டிருந்தா. "அம்மா, முழங்காலுக்குக் கீழ நின்னுபோச்சு"ன்னா. எந்த நிலத்தைச் சொல்றன்னு கேட்டேன். "நிலம் இல்லம்மா, எனக்குள்ள. ஓட்டம் நின்னு, குட்டை மாதிரி தேங்கிக் கெடக்கு. அது நகரப் பாக்குது." கால் வீங்கி, தொட்டா சுட்டுச்சு. நடந்த வலின்னு சொல்லி நல்லெண்ணெயைக் காய்ச்சி நாலு நாள் அழுத்தித் தேச்சுவிட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. அப்படித் தேய்க்கவே கூடாதுன்னு கிருஷ்ணகிரியில டாக்டர் அப்புறந்தான் சொன்னாரு. மாத்திரையால கால்ல ரத்தம் கட்டி, அது மேல போய் நுரையீரலை அடைச்சுடுச்சாம். தேய்க்கக் கூடாதுங்கறது சத்தியமா எனக்குத் தெரியாது. தெரியாம செஞ்சது அது ஒண்ணுதான்.

மத்தது தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன். மாசி மாசம் ராயக்கோட்டையில ஒரு மெடிக்கல்ல வாங்கறப்ப, கடைக்காரர் என்னை நிமிந்து பாத்தாரு. வயசான மனுசன். "போன மாசமும் வாங்கினீங்களேம்மா. சின்னப் பொண்ணுக்கா குடுக்கறீங்க? இத்தோட நிறுத்துங்க. கால் வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ ஒரு நிமிசம் நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ரத்தம் கட்டிக்கிட்டா உசுருக்கே ஆபத்து"ன்னாரு. சரிங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த தடவையிலிருந்து கடையை மாத்தினேன். சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளின்னு ஒவ்வொரு தடவையும் ஒரு கடை. யாரும் கேக்கல.

அன்னிக்கு சைலு ஸ்கூட்டிகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்குக் கேட்டிருக்கும்னு நான் நெனைக்கல. காரியத்துக்கு முந்தின நாள் இந்த நோட்டை எடுத்துப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. அந்தக் கடைக்காரர் சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கா. ஆனா அவ கதையில, அவர் அதை வருணிகாகிட்ட சொல்றாரு. அவ அம்மா அப்ப பக்கத்துக் கடையில பழம் வாங்கப் போயிருக்கா. வருணிகா வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லல. சொன்னா அம்மா பயந்துடுவா, அம்மா ஒண்ணும் தெரியாதவன்னு எழுதி வச்சிருக்கா.

அதான் அதுல இருக்கற தப்பு. நான் எங்கயும் போகல, அவர் முன்னாலதான் நின்னேன். அது சைலுக்கும் தெரியும். தெரிஞ்சும் தினம் என் முன்னால வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டியிருக்கா. ஏன்னு யோசிக்கிறேன் மேடம், எனக்குத் தாங்கல.

கடைசி நாளையும் சொல்லிடறேன். வேப்பனப்பள்ளிகிட்ட கோவிந்தப்பன்னு ஒருத்தர், மாந்தோப்புக்காரர், தெலுங்கு பேசறவர். மரமெல்லாம் காயுதுன்னு மூணு தடவை வீட்டுக்கு வந்துட்டாரு. அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரர், "அவ கால் சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னுட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறினாரு. வண்டி வர்ற நாள் அது. தோப்பை முடிச்சுட்டுப் போலாம்னு நெனைச்சேன்.

அவ நொண்டி நொண்டி இறங்கினதைப் பாத்து கோவிந்தப்பனே, "பாப்பாவுக்கு முடியல போல, இன்னொரு நாள் வரட்டும்மா"ன்னாரு. அருள் ஏறறப்ப அவளுக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். ஒரு சுத்து நடந்தா. அவர் தூரத்துல இருந்தே, "நீள்ளு உன்னாயா?"ன்னு தண்ணி இருக்கான்னு கேட்டாரு. சைலு என்கிட்ட மெதுவா, "ஒண்ணுமே கேக்கலம்மா, வீட்டுக்குப் போலாம்"னா. உதடெல்லாம் வெளுத்திருந்துச்சு. மூணாவது இடமும் பொய்யாச்சுன்னா அப்புறம் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. இன்னொரு சுத்து நட கண்ணுன்னேன். நடந்தா.

அந்தத் தோப்புல இப்ப போர் போட்டாச்சு. ஐநூத்தி நாப்பது அடியில நல்ல தண்ணியாம், வெங்கடப்பன் சொல்லி அனுப்பினான். கடைசிவரைக்கும் அவ கால் பொய் சொல்லல. அதையும் எழுதிக்குங்க மேடம்.

ஒண்ணுமே கேக்கலன்னு அவ சொன்னப்புறம் இடம் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறீங்க. அவ நிக்கற இடத்துல அடையாளத்துக்குக் கல் வைக்கிறது என் வேலை. ரெண்டாவது சுத்துல பாதி வந்தவ நின்னா. நெஞ்சுல கை வச்சா. மரத்தைப் புடிக்கப் பாத்தா, எட்டல, அப்படியே உக்காந்துட்டா. அம்மான்னு கூப்பிட்டா. மூச்சு வாங்குச்சு. கடைக்காரர் சொன்னது எனக்கு அப்பவே ஞாபகம் வந்துடுச்சு. வரப்புலயிருந்து கோவிந்தப்பனும் வெங்கடப்பனும் ஓடி வர்றாங்க. ஆள் கூடிட்டா இடம் கலைஞ்சுபோகும். குனிஞ்சு ஒரு கல்லை எடுத்து அவ பாதத்துக்குக் கிட்ட வச்சு, மஞ்சள் தடவினேன். அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அதுக்கப்புறந்தான் அவளைத் தூக்கினேன்.