மலை ஏறின டீசல்

— ரொட்டிய அப்புறம் தின்னலாம் வெண்டல். அந்த மீட்டர் ஊசியப் பாரு, சிவப்புல நிக்குது.

— ஓடுதில்ல? ஓடட்டும் ஓரின் அண்ணே.

— ரயிலு நடக்கிற வேகத்துக்கு வந்துருச்சுய்யா. வகுப்புல என்ன சொன்னாங்க? டீசல் கரண்டு மட்டுந்தான் குடுக்கும், இழுக்கிறது அடியில இருக்கிற மோட்டாரு. மெதுவா ரொம்ப நேரம் இழுத்தா அது வெந்துரும்னாங்கல்ல?

— நாலு நாள் வகுப்பு. நீங்க கரி எஞ்சின்ல இந்த மலைய எத்தன வருசமா ஏறுறீங்க?

— அதுல ஊசியெல்லாம் ஏது. ஆமை மாதிரி போனாலும் மேல போய்ச் சேந்துரும். இத நிறுத்திரலாம். பாதி கரிப் பெட்டியக் கழட்டிட்டு, ரெண்டு தடவையா ஏத்துவோம்.

— தாராளமா. மலை நடுவுல நின்னதே இல்லன்னு பார்பர் கடையில நீங்க இனிமே சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

— வாய மூடு. இது ஏறலன்னா உனக்குக் கொண்டாட்டம்.

— இருக்காதா? கரி அள்ளித் தீ போடுறவனுக்கு இதுல என்ன வேலை? யூனியன் புண்ணியத்துல ஓரமா உக்காந்திருக்கேன். அதுவும் எத்தன நாளைக்கு? வீட்ல மூணு பொண்ணு.

— நம்ம ஊர்க் கரிய இழுக்கவே எண்ணெய் எஞ்சின் வந்துருச்சு. நான் என்னய்யா பண்றது?

— ஒண்ணும் பண்ண வேணாம். இன்னும் ரெண்டு வளைவுதான். உங்களால முடியாதா?

— முடியாம என்ன.

— அதான பாத்தேன்.

— …என்னமோ கருகுது. வெண்டல், கீழ பாரு.

— புகைண்ணே. ரெண்டாவது சக்கரத்துகிட்ட.

— போச்சு. பிரேக் போட்டுட்டேன். என்னை உசுப்பேத்தி விட்டுட்டியேடா.

— நீங்க நிறுத்தினா நான் கையப் பிடிச்சிருப்பேனா? விடுங்க. நம்ம கரி எஞ்சின் கீழ சூடாத்தான நிக்குது, வந்து தள்ளட்டும். டீசல் இந்த மலைக்கு ஆகாதுன்னு மேல இருக்கிறவனுக்கும் புரியட்டும்.

— இங்கயே இரு. தண்டவாளத்தோரக் கம்பத்துப் போன்ல பேசிட்டு வரேன்.

— வாங்கண்ணே. என்ன சொன்னாங்க? கரி எஞ்சின் கிளம்பிருச்சா?

— இன்னொரு டீசல் வருது.

— ஏன், நம்ம கரி எஞ்சினுக்கென்ன?

— இது ஏறுதா இல்லையான்னு யாரும் பாத்துட்டு இருக்கலயாம் வெண்டல். காலையில நாம கிளம்பின கையோட, அதுல இருந்த தீய அணைச்சுட்டாங்களாம்.